தாவலை அளந்தால் வேகம் தெரியும்

பழைய ஊமைப்படங்களில் ஆட்கள் சாவி கொடுத்த பொம்மை மாதிரி விடுவிடுவென்று நடப்பார்கள். தெருக்காட்சி என்றால் பரவாயில்லை. பாஸ்க் நடனத்தை அப்படிப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஸ்பெயினும் பிரான்சும் சேரும் பிரனீஸ் மலையோரத்தில் வாழும் பாஸ்க் மக்களின் ஆட்டத்துக்கு உயிரே தாவல்தான். சுபெரோவா பகுதியில் 'சமால்சைன்' வேடக்காரர் இடுப்பில் குதிரைக் கூடு கட்டியிருப்பார். அது மறைப்பதால் தன் காலே அவருக்குச் சரியாகத் தெரியாது. அப்படியே தரையில் வைத்த ஒயின் கிளாஸ் மேல் ஒரு கணம் ஏறி நின்று, தாவி இறங்குவார். கிளாஸ் உடையக் கூடாது. 1918இல் உருவான பாஸ்க் ஆய்வுக் கழகத்துக்காக, 1920களில் மானுவேல் இஞ்சௌஸ்தி இந்த மக்களின் ஆட்டங்களையும் வழக்கங்களையும் படம்பிடித்தார்.

அன்றைய கேமராக்கள் பெரும்பாலும் கையால் சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம். விநாடிக்கு இரண்டு சுற்று என்றால் 16. அதை 24 ஃபிரேம் ஓட்டும் புரொஜெக்டரில் போட்டால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாகிவிடும். சரி, கேமராக்காரர் உண்மையில் எவ்வளவு வேகமாகச் சுற்றினார்? கை அசந்தால் நடுவிலேயே வேகம் மாறியிருக்குமே?

இங்கே புவியீர்ப்பு கைகொடுக்கிறது. ஒருவர் தாவும்போது இடுப்பு 30 சென்டிமீட்டர் மேலே போனால், அவர் அந்தரத்தில் இருப்பது ஏறக்குறைய அரை விநாடி. குண்டோ ஒல்லியோ, எல்லோருக்கும் அதேதான். அந்தத் தாவலில் 8 ஃபிரேம் இருந்தால் கேமரா 16இல் ஓடியிருக்கிறது. 10 இருந்தால் 20இல். ஆடுபவரின் உயரம் தெரிந்தால் போதும், அதை அளவுகோலாக வைத்து இடுப்பு ஏறியதைக் கணக்கிடலாம். ஒவ்வொரு தாவலும் ஒரு கடிகாரம்.

வேகம் தப்பினால் கனமும் தப்பும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும் படத்தில் புவியீர்ப்பு இரண்டேகால் மடங்கு (1.5 × 1.5) கூடியது போலத் தெரியும். மிதக்க வேண்டிய உடம்பு சட்டென்று கீழே விழுகிறது. இதைச் சரிக்கட்ட இரண்டு ஃபிரேமுக்கு ஒன்றை இருமுறை அச்சிட்டுப் பார்த்தார்கள். அப்போது தாவல் அந்தரத்திலேயே திக்கியது.

வேகம் பிடிபட்ட பிறகு, ஓரமாக நிற்கும் வாத்தியக்காரரைப் பாருங்கள். இடது கையில் மூன்று துளை உள்ள 'சிஸ்து' குழல், வலது கையில் குச்சி, இடது முழங்கையில் தொங்கும் சின்ன மேளம். சத்தம் பதிவாகவில்லை, ஆனால் குச்சி விழுவது பதிவாகியிருக்கிறது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எத்தனை ஃபிரேம் என்று எண்ணினால், அன்று அவர் வாசித்த தாளத்தின் வேகம் கிடைத்துவிடும்.