எந்தப் பக்கம் அழுக்காகும்?

எங்கள் கடையில் பிரிண்ட் எடுப்பதும் புத்தகம் கட்டுவதும்தான் வேலை. யாழ்ப்பாண நகரில் இப்படியான கடைகளுக்குக் குறைவில்லை. பரீட்சைக் காலமென்றால் பாஸ்ட் பேப்பர், மற்றக் காலத்தில் கம்பஸ் பிள்ளைகளின் ஆய்வேடு. சில வருடங்களாக இன்னொரு வகைக் கோப்பும் பென் டிரைவில் வருகிறது: மேசையைச் சுற்றியிருந்து ஆடும் பாத்திர விளையாட்டுகளின் துணைநூல்கள், அதாவது விதிநூலுக்கு மேலதிகமாகக் கதை, ஊர், பிராணிகள் என்று விற்கப்படும் புத்தகங்கள். நானும் ஞாயிறு பின்னேரங்களில் அப்படியொரு ஆட்டம் நடத்துகிறவன் என்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். அதனால் பக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்டதோடு விடமாட்டார்கள். "அண்ணை, இதை வாங்கினது சரியோ?" என்றும் கேட்பார்கள். காசு கட்டிய பிறகுதான் கேட்பார்கள், அதுதான் கவலை.

தெரியாதவர்களுக்கு ஒரு சொல். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடிவு சந்தேகமான இடத்தில் தாயக்கட்டை உருளும். நடத்துகிறவர் கிட்டத்தட்ட நம் கூத்து அண்ணாவியார் மாதிரி. ஆனால் அண்ணாவியாரின் கொப்பியில் பாட்டு முழுவதும் இருக்கும். இங்கே அடுத்த நிமிடம் யார் எதைப் பாடுவார் என்று நடத்துகிறவருக்கே தெரியாது. இந்த வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானது. முதல் துணைநூல் அடுத்த வருடமே வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை, அடிப்படை விதிநூல் ஒன்று கையில் இருந்தால் வருடக்கணக்கில் ஆடலாம் என்பதும், அப்படியிருந்தும் ஆட்கள் துணைநூல் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதும் மாறவில்லை.

பைண்டிங் வேலையில் ஒரு விஷயம் கண்ணில் படும். பிரிந்துபோன புத்தகத்தை மூடி, முதுகுக்கு எதிரே உள்ள வெட்டோரத்தைப் பாருங்கள். விரல் அதிகம் பட்ட பக்கங்கள் மெல்லிய சாம்பல் கோடாகத் தெரியும். பஞ்சாங்கத்திலும் அப்படித்தான், சமையல் புத்தகத்திலும் அப்படித்தான். விதிநூல்களில் அந்தக் கோடு பரவலாக இருக்கும். துணைநூல்களில் ஒன்றோ இரண்டோ, அவ்வளவுதான். அந்த இடத்தைத் திறந்தால் ஒரு அட்டவணை, ஒரு வரைபடம் அல்லது கதையில் வரும் ஒரு பிராணியின் பலத்தைச் சொல்லும் எண்கள் இருக்கும். உலகத்தின் பழைய வரலாறு சொல்லும் அத்தியாயம் அழுக்கான புத்தகத்தை நான் இன்னும் கட்டவில்லை.

ஒருநாள் ஒரு தம்பி வந்தார். 220 பக்கப் பிடிஎப். "முழுக்கக் கலரிலை போடுங்கோ அண்ணை" என்றார்.

"வாற ஞாயிறு இதிலை எந்தப் பக்கத்தைத் திறப்பீர்?" என்று கேட்டேன்.

கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து தேடினார். நல்ல நேரம் எடுத்தது. கடைசியில் 9 பக்கம் தேறியது. 9 பக்கத்தையும் கறுப்பு வெள்ளையில் போட்டுக் கொடுத்தேன். கடைக்கு அன்று நட்டம்தான். ஆனால் அந்தக் கேள்வியை வாங்க முதல் கேட்டிருந்தால் அவருக்கு மிஞ்சியிருக்கும் காசோடு பார்த்தால் என் நட்டம் பெரிதில்லை.

நானும் படித்தது பட்டுத்தான். 2022இல் டொலர் 350 ரூபாயைத் தாண்டி நின்ற நேரம், கனடாவிலிருந்து வந்த அத்தானிடம் சொல்லி ஒரு பெரிய புத்தகம் கொண்டுவரச் செய்தேன். 300 பக்கத்துக்கு மேல், கெட்டி மட்டை, ஒவ்வொரு பக்கமும் ஓவியம். அவரது பெட்டியில் சொக்லேட்டுக்கு இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டதென்று தங்கையின் பிள்ளைகளுக்கு இன்னும் கோபம். இவ்வளவு காலத்தில் அதிலிருந்து மேசைக்கு வந்தது 6 பக்கம்.

எழுத்து மோசமென்று சொல்லமாட்டேன், அழகாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு துறைமுக நகரத்துக்கு நாலு பக்கம்: எந்த அரசன் கட்டினான், எந்தப் போரில் எரிந்தது, கொடியில் என்ன சின்னம். ஆனால் ஆட்டக்காரர்கள் நகரத்துக்குள் காலை வைத்தவுடன் கேட்பது கொடியைப் பற்றியல்ல. "இராத்திரி யாருக்கும் தெரியாமல் கரைக்குப் போகலாமா?" என்று கேட்பார்கள். அதற்கு அந்த நாலு பக்கத்திலும் பதில் இல்லை. இதையே இன்னொருவர் இப்படி எழுதலாம்: இரவில் வரும் வள்ளங்களிடம் காவலன் ஒரு கூடை மீன் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிவிடுவான், இன்றிரவு வந்த வள்ளத்தில் மீன் இல்லை. இரண்டு வரி. குருநகர்க் கரையைப் பார்த்து வளர்ந்த என் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பின்னேரம் முழுவதும் அது போதும்.

ஆகவே மாதிரிப் பக்கங்கள் கிடைத்தால் அங்கே தேட வேண்டியது அந்த மாதிரி வரிகளைத்தான். பதிப்பகத்தார் பெரும்பாலும் முதல் பக்கங்களைத்தான் காட்டுவார்கள்: அட்டை, முன்னுரை, பொருளடக்கம். பொருளடக்கமே போதும். வரலாற்றுக்கு எத்தனை பக்கம், ஆட்டக்காரருக்கான புதுப் பாத்திர வகைகளுக்கு எத்தனை, அப்படியே எடுத்து ஆடக்கூடியதற்கு எத்தனை என்று பென்சிலால் கூட்டிப் பாருங்கள். புதுப் பாத்திர வகைகள் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நாலு பேர் ஆடுகிற மேசையில் ஒருவர் ஒரு பாத்திரத்தை ஒரு வருடம் வைத்திருப்பார். 12 புது வகை வாங்கி என்ன செய்வது? அட்டவணைகளிலும் இதே கதை. "நூறு கடைப் பெயர்கள்" என்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். கஸ்தூரியார் வீதியில் ஒருமுறை நடந்தால் அது இலவசம்.

விலையை டொலரில் பார்க்காமல் பின்னேரக் கணக்கில் பார்ப்பது என் பழக்கம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 20 டொலர்ப் பிடிஎப் 6,000 ரூபாய். அது ஒரு சாகசக் கதை, ஐந்து பேருக்கு நாலு பின்னேரம் ஓடும் என்றால் ஆளுக்கு ஒரு தடவைக்கு 300 ரூபாய். பரவாயில்லை. நாலு பின்னேரம் ஓடாது என்று தோன்றினால் விடுங்கள். இன்னொன்று, காசு எப்போதும் நடத்துகிறவர் பையிலிருந்தே போகிறது. மிச்ச நாலு பேரும் தேத்தண்ணியும் வடையும்தான் கொண்டுவருகிறார்கள். பங்கு கேட்பதில் வெட்கமில்லை.

பதிப்பு விஷயம் சின்னதுதான், ஆனால் பலரைக் கவிழ்த்திருக்கிறது. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது, அதையே திருத்திய விதிநூல் 2024இல் வந்தது. "ஐந்தாம் பதிப்புக்கு ஏற்றது" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த விதிகளை வைத்து எழுதியது என்று தெரியாது. வெளியான வருடத்தைப் பாருங்கள். 2023இலிருந்து அதன் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. யாரும் அதன்மேல் எழுதி விற்கலாம். நல்ல விஷயம்தான், சின்ன எழுத்தாளர்களுக்கு அதனால் வழி திறந்தது. ஆனால் இலவசத் தொகுப்பில் இருப்பதையே படம் போட்டு விற்கிறவர்களுக்கும் அதே வழிதான். மாதிரிப் பக்கத்தில் ஒரு பிராணியைக் கண்டால், அதே பெயரை இலவசத் தொகுப்பில் தேடுங்கள். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் கதை முடிந்தது.

விமர்சனம் எழுதியவர் நடத்திப் பார்த்தாரா, வாசித்து மட்டும் பார்த்தாரா என்று கவனியுங்கள். "ஓவியங்கள் அபாரம்" என்று தொடங்குகிறவர் பெரும்பாலும் வாசித்தவர். "மூன்றாவது அறையில் எங்கள் ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள்" என்கிறவர் நடத்தியவர், அவர் திட்டியிருந்தாலும் நான் அவரைத்தான் நம்புவேன். புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் ஆடிச் சோதித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றனவா என்பதும் ஒரு அடையாளம்.

பிரிண்ட் கடைக்காரனாக ஒரு முறைப்பாடு. பழைய தோல் மாதிரி நிறப் பின்னணி போட்ட பிடிஎப்கள் டோனரைக் குடிக்கின்றன, எழுத்தும் வாசிக்க வராது. பின்னணி இல்லாமல் அச்சடிப்பதற்கென்றே செய்த பிடிஎப் ஒன்றும் சேர்த்துத் தருகிறார்களா என்று பாருங்கள். தருகிறவர் மேசையை நினைத்து வேலை செய்தவர். ஒரே அட்டவணை இரண்டு பக்கத்துக்குக் குறுக்கே போனால், கட்டும்போது நடு வரிசை மடிப்புக்குள் போய்விடும். பல பிடிஎப்களில் கீழோரத்தில் வாங்கியவரின் பெயரும் ஓர்டர் இலக்கமும் இருக்கும். வேறு ஆளின் பெயர் இருக்கும் கோப்பை நான் அடிப்பதில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள்.

வாசிக்கிற சுகத்துக்காக வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் எனக்கு மறுப்பில்லை. நாவல் வாங்குகிற மாதிரி அதுவும் ஒரு செலவு. மேசைக்கென்று சொல்லிக்கொண்டு வாங்காமல் இருந்தால் சரி.

கனடாப் புத்தகம் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. வழுவழுப்பான தாளுக்கும் எங்கள் மாரிக்கும் ஒத்துவராது. ஒழுக்குத் தண்ணீர் பட்டு நடுப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பிரிக்கப் பார்த்ததில் அந்தத் துறைமுக நகரத்தின் வரலாறு பாதியாகக் கிழிந்தது. அந்த 6 பக்கத்தையும் எப்போதோ போட்டோக்கொப்பி அடித்து வைத்திருந்ததால், அந்த ஞாயிறு ஆட்டம் நடந்தது.