பிரஷ் நுனியை உதட்டில் கூராக்கும் பழக்கம்

28 மில்லிமீட்டர் போர்வீரன் பொம்மையின் வாள் விளிம்பில் ஒரு வெள்ளிக் கோடு இழுக்க வேண்டும். பிரஷ் ஊசிபோல் நிற்காவிட்டால் கை தானாகவே வாய்க்குப் போகும். உதட்டில் ஒரு திருப்பு திருப்பினால் நுனி கூடிவிடும். என்னிடம் கற்க வருகிறவர்களில் பலரிடம் இதைப் பார்க்கிறேன். நானும் பல வருஷம் செய்தவன்தான்.

மெட்டாலிக் பெயின்ட் ஏன் மினுங்குகிறது? உள்ளே மிதக்கும் நுண்ணிய மைக்கா, அலுமினியச் செதில்களால்தான். சில வெண்கல, தங்க நிறங்களில் நிஜமான செம்புக் கலவைத் தூளே இருக்கிறது. மெட்டாலிக்கைத் தொடாமல், சாதா நிறங்களின் ஒளி நிழலாலேயே தங்கத்தைக் காட்டுகிறவர்களும் புட்டியைத் திருப்பிப் படிக்க வேண்டும். அசல் காட்மியம் மஞ்சள் நச்சு. பிரஷை உதட்டில் வைத்தால் இதெல்லாம் வாய்க்குள்தான் போகும்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1917 முதல் கடிகார முகப்புக்குக் கதிரியக்கமுள்ள ரேடியம் பெயின்ட் பூசிய இளம்பெண்களுக்கு, பிரஷை உதட்டில் கூராக்கவே சொல்லிக்கொடுத்தார்கள். பலருக்குத் தாடை எலும்பு அழுகியது, சிலர் உயிரிழந்தார்கள். நம் அக்ரிலிக் பெயின்டில் ரேடியம் இல்லை, ஆனால் கை செய்கிற வேலை அதேதான். ஈரமான டிஷ்யூவில் பிரஷைப் படுக்கவைத்து, உருட்டிக்கொண்டே இழுங்கள். நுனி அதே அளவு கூராகும். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும்.

காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் விஷயம் இன்னும் கவலை. பளபளப்பான கறுப்பு பெயின்ட் மேல், தின்னர் கலந்த லாக்கர் வகை அலுமினிய பெயின்டை மெல்லிசாக அடித்தால் குரோம் மாதிரி வரும், உண்மைதான். ஆனால் என்95 மாஸ்க் துகளைத்தான் தடுக்கும். தின்னர் ஆவி அதன் வழியே நேராக நுரையீரலுக்குப் போகும். ஆவிக்கென்று வரும் கரி கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஒரு மாணவரின் அறையில் லாக்கர் அடிக்கும் மேஜைக்குக் கீழேயே கொசுவத்தி புகைந்துகொண்டிருந்தது. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. தின்னர் ஆவி அந்தக் கங்கில் பற்றிக்கொள்ளக்கூடும்.

பழைய பொம்மைகள் ஈயக் கலவையாக இருக்கலாம். வெள்ளையாகப் பூத்திருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பொம்மையின் துப்பாக்கிக் குழாய்க்கு நான் இப்போது பெயின்டே எடுப்பதில்லை. பளபளப்பில்லாத மேட் கறுப்பு நன்றாகக் காய்ந்ததும் விளிம்புகளில் 6பி என்ற மென்மையான வரைபடப் பென்சிலை உரசி, விரலால் லேசாக நீவிவிடுகிறேன். தேய்ந்த இரும்பு அப்படியே தெரியும். மேலே வார்னிஷ் மட்டும் வேண்டாம், பளபளப்பு செத்துவிடும்.