பிள்ளையார் கண்ணும் குண்டுமணியும்

பிள்ளையார் சதுர்த்தி முடிந்த கையோடு குழந்தைகள் அவசரப் பிரிவில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "டாக்டர், குண்டுமணியை முழுங்கிட்டான், என்ன பண்றது?" மயிலாப்பூரோ பெரம்பூரோ, களிமண் பிள்ளையாருக்குக் கண் பெரும்பாலும் அந்தச் சிவப்பு கறுப்பு விதைதான். மண் காய்ந்ததும் கண் கழன்று தரையில் உருளும். தவழும் குழந்தை அதைத்தான் முதலில் பொறுக்கும்.

விதைக்குள் அப்ரின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. செல்களுக்குள் புரதம் உருவாவதையே அது நிறுத்திவிடும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. நல்லவேளையாக விதையின் தோல் ரொம்பக் கெட்டி. முழுசாக முழுங்கினால் பெரும்பாலும் அப்படியே மலத்தில் வந்துவிடும். கடித்திருந்தாலோ, துளை போட்டுக் கோத்த மணியாக இருந்தாலோதான் ஆபத்து. அதனால் "எத்தனை?" என்பதற்கு முன்பே "கடிச்சானா? மணியில் ஓட்டை இருந்ததா?" என்று கேட்பேன். இங்கிலாந்தின் ஈடன் ப்ராஜெக்ட் என்ற தாவரப் பூங்கா 2011இல் இந்த விதை கோத்த பிரேஸ்லெட்டுகளைத் திரும்பப் பெற்றதும் இந்தப் பயத்தில்தான்.

வீட்டில் எல்லோரும் ஏமாறுவது முதல் சில மணி நேரத்தில். "நல்லாத்தானே விளையாடிட்டு இருக்கான்" என்பார் பாட்டி. வாந்தி, வயிற்றுவலி, ரத்தம் கலந்த பேதி எல்லாம் பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஓரிரு நாள் கழித்துக்கூட ஆரம்பிக்கும். அப்புறம் உடலில் நீர் வற்றி, சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம். கடித்தானா என்று சந்தேகம் இருந்தாலே 108ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சித்த மருந்தில் சேர்க்கிறார்களே என்றும் சமாதானம் ஆகாதீர்கள். அங்கே விதையைப் பாலில் வேகவைத்துச் சுத்தி செய்த (அதாவது நச்சைக் குறைத்த) பிறகுதான் எடுப்பார்கள்.

காலி மனை வேலிகளில் புளிய இலை போன்ற இலையோடு படரும் கொடி இது. காய் வெடித்த பிறகும் விதைகள் உதிராமல் ஒட்டி நிற்பதால் குழந்தையின் கண்ணை இழுக்கும். அழகுக்காக ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே அது காடுகளை மூடும் களை. வேர் ஆழமாக இறங்குவதால் தீ வைத்தாலும் மறுபடி துளிர்க்கிறது. உங்கள் காம்பவுண்டில் இருந்தால் காய் பிடிக்கும் முன்பே வேரோடு தோண்டிவிடுங்கள்.

முழுக்கச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி விதை வேறு; அதில் இந்த அளவு விஷம் இல்லை. ஆகவே மருத்துவமனைக்கு வரும்போது மீதி விதைகளையும், அறுந்த மாலை இருந்தால் அதையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். எப்போது வாயில் போட்டான் என்ற நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.