எஃப்டி இருந்தால் சிபில் ஸ்கோர் வந்துவிடாது: ஓய்வுபெற்றவர்கள் கிரெடிட் கார்டு வாங்கும் முன்

மறுபடியும் அதே கதை. ஒரு பெரியவர், வயது 64, பென்ஷன் மாதம் தவறாமல் வருகிறது, 20 லட்சத்துக்கு எஃப்டி இருக்கிறது. ஒரு வங்கி கிரெடிட் கார்டு தர மறுத்ததும் கோபத்தில் அடுத்த வங்கி, அதற்கடுத்தது என்று ஒரே மாதத்தில் வரிசையாக விண்ணப்பித்திருக்கிறார். எல்லாம் நிராகரிப்பு. தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் அறிக்கையில் 'என்கொயரி' என்று பதிவாகும். அதைப் பார்க்கும் அடுத்த வங்கி, இவருக்கு ஏதோ பண நெருக்கடி என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

"நான் யாரிடமும் கடன்பட்டதே இல்லை, என் ஸ்கோர் நன்றாகத்தானே இருக்கும்?" கவுன்டருக்கு வரும் பெரியவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள். இருக்காது. சிபில் (கடன் வரலாற்றைப் பதிவுசெய்து ஸ்கோர் தரும் நிறுவனம்) உங்கள் சொத்தைப் பார்ப்பதில்லை; வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பதை மட்டும் பார்க்கிறது. சேமிப்புக் கணக்கு, எஃப்டி, வீடு, நகை, பென்ஷன் எதுவும் அந்த அறிக்கைக்குள் வராது. ஸ்கோர் 300 முதல் 900 வரை. கடனே வாங்காதவருக்கு 900 கிடைக்காது, எண்ணே கிடைக்காது. 'என்ஹெச்' (கடன் வரலாறே இல்லை) அல்லது '-1' என்று வரும். கணவரின் கார்டில் ஆட்-ஆன் (கூடுதல் கார்டு) வாங்கி வருடக்கணக்கில் பயன்படுத்திய அம்மாக்களுக்கும் இதே நிலைதான். அந்தக் கணக்கு கணவர் பெயரில் இருப்பது. அவர் காலமானால் ஆட்-ஆன் கார்டும் நின்றுவிடும்.

விண்ணப்பிக்கும் முன் அறிக்கையைப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

வயது வரம்பு, வருமானச் சான்று என்ற சிக்கல்களைத் தாண்ட நேர்வழி, எஃப்டியின் பேரில் தரும் கார்டு. பென்ஷன் வரும் கிளையிலேயே கேளுங்கள். எஃப்டி தொகையில் வழக்கமாக 75 முதல் 90 சதவீதம் வரை லிமிட் கிடைக்கும். வங்கி அந்த எஃப்டியின் மேல் லியன் போடும், அதாவது கார்டு பாக்கிக்கு ஈடாகப் பிடித்து வைக்கும். வட்டி வழக்கம்போல வரும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இருக்கிற பெரிய எஃப்டியையே காட்டிவிடுகிறார்கள். லியன் உள்ள எஃப்டியை, பாக்கியைக் கட்டி கார்டை மூடாமல் உடைக்க முடியாது. திடீரென்று ஆபரேஷனுக்குப் பணம் தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள்? கார்டுக்கென்றே 50,000 ரூபாய்க்குத் தனியாக ஒரு எஃப்டி, உங்கள் தனிப் பெயரில், நாமினியோடு போடுங்கள். படிவத்தில் உங்கள் சொந்த மொபைல் எண்ணைக் கொடுங்கள். வெளியூரில் இருக்கும் மகனின் எண்ணைக் கொடுத்துவிட்டு ஓடிபிக்காக அவரை எழுப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

கார்டு வந்தபின் முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் எழுதிக்கொடுங்கள். படிவத்தில் 'மினிமம் டியூ' (குறைந்தபட்சத் தொகை), 'டோட்டல் டியூ' (முழுப் பாக்கி) என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டாவதில் டிக் செய்யுங்கள். 40,000 ரூபாய் பாக்கியில் 5 சதவீதம், அதாவது 2,000 மட்டும் கட்டுகிறீர்கள் என்று வைப்போம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,400. அதன்மேல் ஜிஎஸ்டி 252. அசலில் குறைவது வெறும் 348 ரூபாய்! புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். ஏடிஎம்மில் இந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள். கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவழித்து முழுதாகக் கட்டிவந்தால் ஸ்கோர் உருவாகும்.

வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் அணைத்து வையுங்கள். "லிமிட்டை உயர்த்துகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று யார் கூப்பிட்டாலும் போனை வையுங்கள். சொல்லிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே கார்டை பிளாக் செய்து 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மகன் திட்டுவாரே என்று இரண்டு நாள் மறைப்பதால்தான் பணம் கைவிட்டுப் போகிறது.

கார்டு வேண்டாம் என்று தோன்றினால் பாக்கியைத் தீர்த்துவிட்டு எழுத்துமூலம் கேளுங்கள். 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். லியன் எடுக்கப்பட்டதா என்பதையும் கிளையில் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.