வெப்சைட் தொழிலில் நிலைத்து நிற்க: கொங்கு மண்டல ஃப்ரீலான்ஸர்களுக்குச் சில வார்த்தைகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் தனியாக வெப்சைட் செய்து கொடுக்கும் இளைஞர்கள் என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: வேலை வருகிறது, கையில் பணம் நிற்பதில்லை. நல்ல கைத்திறன் உள்ள பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகள் போராடிப் பார்த்துவிட்டு, கிடைத்த சம்பளத்துக்கு ஏதோ ஒரு நிறுவனத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். அவர்கள் செய்த தளங்களில் குறை இருக்காது. விலை சொன்ன விதத்திலும், எழுதி வாங்காமல் விட்டதிலும், தளத்தை ஒப்படைத்ததோடு பார்ட்டியை, அதாவது வேலை கொடுத்த வாடிக்கையாளரை, மறந்ததிலும்தான் குறை இருக்கும். இவை மூன்றும் கற்றுக்கொள்ளக்கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விலை. "பக்கத்துக் கடைக்காரர் 8,000 ரூபாய்க்குச் செய்கிறாராம், நீ 7,500க்குச் செய்து கொடு தம்பி" என்று கேட்பவரிடம் என்ன சொல்வது? அதற்கு முன் உங்கள் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வீட்டுச் செலவு மாதம் 35,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 4,20,000. கணினி, இணைய இணைப்பு, மென்பொருள் சந்தா, மருத்துவக் காப்பீடு, வரி, அவசரச் சேமிப்பு எல்லாம் சேர்த்து இன்னும் 1,20,000 வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,40,000. ஆண்டில் 365 நாள் இருந்தாலும் பில் போடக்கூடிய நாள்கள் மிகக் குறைவு. பார்ட்டியைச் சந்திப்பது, கொட்டேஷன் எழுதுவது, பாக்கிக்கு அலைவது, புதிதாகக் கற்பது, காய்ச்சல், கல்யாணம், கோயில் நோன்பு எல்லாம் போக 150 நாள் கிடைத்தாலே பெரிது. அப்படியானால் ஒரு நாளின் விலை 3,600 ரூபாய். 12 நாள் பிடிக்கும் தளத்தை 43,200க்குக் கீழே செய்தால் உங்கள் வீட்டுப் பணத்தைப் போட்டுப் பார்ட்டிக்கு வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம். எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் கொட்டேஷன் அனுப்பக் கூடாது. குறைந்த விலைக்குத்தான் முடியும் என்று பார்ட்டி சொன்னால் வேலையைக் குறையுங்கள்: பத்துப் பக்கத்துக்குப் பதில் மூன்று பக்கம். நாளின் விலையைக் குறைக்காதீர்கள்.

அடுத்தது எழுத்து. நம் ஊரில் வாய்வார்த்தைக்கு மதிப்பு அதிகம். லட்சக்கணக்கில் சரக்கு வாய்வார்த்தையிலேயே கைமாறுகிறது. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசமாட்டேன். இந்த மண்டலத்தின் தொழில் வளர்ந்ததே அதனால்தான். ஆனால் நூலுக்கும் துணிக்கும் எடை உண்டு, மீட்டர் உண்டு. வெப்சைட் வேலைக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. "இன்னும் ஒரு சின்ன மாற்றம்தான்" என்பது எங்கே முடியும் என்று இருவருக்குமே தெரியாது. அதனால் ஒரே பக்கத்தில், தமிழிலேயே கூட எழுதலாம்: எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், படங்களையும் விவரங்களையும் யார் எந்தத் தேதிக்குள் தருவது, பணம் எத்தனை தவணை. வேலையைத் தொடங்கும்போது பாதி, வடிவமைப்புக்கு ஒப்புதல் தந்ததும் கால் பங்கு, தளத்தை ஏற்றுவதற்கு முன் மீதி என்று நான் வைத்திருக்கிறேன். அட்வான்ஸ் வராமல் கணினியைத் திறப்பதில்லை. இதைச் சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டு போன முதலாளிகள் மிகச் சிலர்தான். பெரும்பாலோர், "கணக்காக இருக்கிறீர்கள்" என்று சொல்லி அட்வான்ஸை அனுப்பிவிட்டார்கள். அவர்களும் தொழில் செய்பவர்கள்தானே.

பணம் கேட்கும் காலத்தையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் திருப்பூரில் முதலாளியின் தலைக்கு மேல் போனஸ் நிற்கும். அப்போது உங்கள் பில்லைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கப் பலர் தயங்குவார்கள். ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் அக்ரி இன்டெக்ஸ் விவசாயக் கண்காட்சி நடப்பதால், பம்பு செய்வோரும் விவசாயக் கருவி செய்வோரும் மே, ஜூனில் அவசரம் காட்டுவார்கள். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத் தவணைத் தேதிகளை வைத்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

அப்படியும் பணம் வராமல் போவது உண்டு. இங்கே சட்டம் நம் பக்கம் நிற்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. உத்யம் பதிவு என்று ஒன்று இருக்கிறது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் நாமே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. தனி ஆளாகச் சேவைத் தொழில் செய்பவரும் குறுந்தொழில் என்று பதிவு செய்யலாம். அப்படிப் பதிவு செய்தவருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் ஓர் உரிமை தருகிறது. வேலையை ஏற்றுக்கொண்ட பார்ட்டி, எழுத்தில் ஒப்புக்கொண்ட காலத்துக்குள் பணம் தர வேண்டும். அந்தக் காலம் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்து எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் 3 மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். இதற்கென்றே வசதி மன்றங்கள் இருக்கின்றன. கோவையிலும் ஒன்று உண்டு. சென்னைக்கு ஓடாமல் இணையத்திலேயே மனுவைப் பதியலாம். பதிவுக்கு முன்பே செய்துமுடித்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்குமா என்பது நீதிமன்றங்கள்வரை போன கேள்வி. ஆகவே முதல் கொட்டேஷனை அனுப்பும் முன்பே பதிந்துவிடுங்கள்.

மன்றத்துக்குப் போகும் நிலை அநேகமாக வராது. பில்லின் தலைப்பில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே போதும், பார்ட்டியின் ஆடிட்டர் அதைக் கவனிப்பார். காரணம், 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரிச் சட்டத்தில் வந்த மாற்றம். குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் தராத தொகை நிதியாண்டு முடிவில் பாக்கியாக நின்றால், அதை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். அதனால் மார்ச் மாதத்தில் ஆடிட்டரே முதலாளிக்குப் போன் செய்து உங்கள் பாக்கியை நினைவுபடுத்துவார்.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான விஷயம். டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, எக்காரணம் கொண்டும் உங்கள் பெயரில் பதிவு செய்யாதீர்கள். ஈரோடு பக்கம் ஒரு மஞ்சள் வணிகர் என்னிடம் வந்தபோது, பல ஆண்டுகளாக அவர் விசிட்டிங் கார்டிலும் சரக்குச் சாக்கிலும் அச்சிட்டிருந்த இணைய முகவரி அவர் கையில் இல்லை. முன்பு தளம் செய்தவர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருந்தார். பிறகு வேறு வேலைக்குப் போனார், எண்ணை மாற்றிவிட்டார். புதுப்பிக்கும் தேதி கடந்துபோனது. டாட் காம் முகவரிகளுக்குப் பதிவு நீக்கப்பட்ட பின்னும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அறிவிப்பு மின்னஞ்சல் அவருக்கு வந்திருந்தால்தானே அது தெரியும்? முகவரி வேறு யார் கைக்கோ போய்விட்டது. புதிய முகவரியில் தளம் செய்து கொடுத்தேன், ஆனால் பழைய முகவரிக்கு வரும் கடிதங்களை என்னால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

ஆகவே டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்) இரண்டும் பார்ட்டியின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கார்டில் இருக்கட்டும். நிர்வகிக்கும் அனுமதியை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கிக்காக டொமைனைப் பிடித்து வைப்பவர்களை நான் அறிவேன். அது தவறு, தொழிலுக்கே கெட்ட பெயர். தளத்தை ஒத்திகை முகவரியிலேயே வைத்திருந்து, கடைசித் தவணை வந்ததும் உண்மையான முகவரிக்கு ஏற்றுங்கள். நேர்மையான பிடி அதுதான். காப்புரிமை (காப்பிரைட்) பற்றியும் ஒரு வரி எழுதிவிடுங்கள். 1957ஆம் ஆண்டுக் காப்பிரைட் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் தனியாகச் செய்து கொடுக்கும் வேலையின் உரிமை பொதுவாகச் செய்தவரிடமே இருக்கும். எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் மாறும். அந்த எழுத்திலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் கொள்ளும். வெளிநாட்டு வாங்குநருக்காகத் தளம் வைத்திருக்கும் ஏற்றுமதியாளருக்கு இது போதாது. முழுப் பணமும் வந்ததும், காலவரையறை இன்றி, உலகம் முழுவதற்கும் உரிமை மாறுகிறது என்று எழுதினால் இருவருக்கும் நல்லது.

தளத்தை ஏற்றியதும் ஆண்டுப் பராமரிப்புப் பேச்சைத் தொடங்குங்கள். தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளையும் அதன் பிளகின்களையும் (துணை மென்பொருள்களையும்) புதுப்பிக்காமல் விட்டால் ஓட்டை வழியே யாராவது நுழைவார்கள். தளத்துக்கு வருபவரின் தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் காலாவதியாகும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, விசாரணைப் படிவம் சத்தமில்லாமல் நின்றுபோவது. வாங்குநர் எழுதிய கடிதம் ஸ்பேமில் விழுந்து கிடக்கும். முதலாளியோ, "வெப்சைட்டால் ஒரு பயனும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் மாதம் ஒருமுறை ஒவ்வொரு பார்ட்டியின் படிவத்திலும் நானே எழுதிப் பார்க்கிறேன். மின்னஞ்சல் போலியல்ல என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகள் சரியாக உள்ளனவா என்று பார்க்கிறேன். பேக்கப் எடுப்பதோடு நில்லாமல், எடுத்ததை வேறிடத்தில் ஏற்றி இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்று வைத்தால், 20 பார்ட்டிகளிடமிருந்து 2,40,000 வருகிறது. மேலே போட்ட 5,40,000 கணக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவு. புது வேலை வராத மாதத்திலும் அடுப்பு எரியும்.

எல்லா முட்டையும் ஒரே கூடையில் வேண்டாம். பெங்களூரிலோ வெளிநாட்டிலோ உள்ள ஒரே ஏஜென்சி மாதாமாதம் வேலை அனுப்பும்போது நிம்மதியாகத்தான் இருக்கும். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்களைப் பாருங்கள். நூல் தருபவர் தரும் கூலிக்கு நெய்து, கூலி உயர்வுக்காக ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை, வேலைநிறுத்தம் என்று போராடுகிறார்கள். அவர்களுக்காவது சங்கம் இருக்கிறது. தனியாக வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அதுவும் இல்லை. ஒரே இடத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருமானம் வந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, உள்ளூர்ப் பார்ட்டிகளைத் தேடத் தொடங்குங்கள். ஃபைவர் போன்ற இணைய வேலைச் சந்தைகள் பழகுவதற்கு நல்லவை, ஆனால் ஃபைவரில் வரும் ஒவ்வொரு 1,000 ரூபாயிலும் 200 கட்டணமாகப் போய்விடும்.

உள்ளூரில் ஜெயிக்க வேண்டுமானால் தொழிலைப் படிக்க வேண்டும். அழகான பக்கத்தை இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவியே சில நிமிடங்களில் போட்டுத் தருகிறது. பம்பு வாங்குபவர் ஹெச்.பி. (குதிரைத் திறன்), ஹெட் (நீரை ஏற்றும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளியேற்றும் நீரின் அளவு), சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்று பார்த்துத்தான் மாடலைத் தேடுவார். தேடும் வசதியும் அதே வரிசையில் இருக்க வேண்டும் என்பது கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்தவருக்குத்தான் புரியும். பின்னலாடை வாங்குநருக்குத் துணியின் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), குறைந்தபட்ச ஆர்டர் அளவு, சான்றிதழ்கள் முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். இயற்கை இழைத் துணிக்கான காட்ஸ் (GOTS) முத்திரையை அழகுக்காக எடுத்து ஒட்டக் கூடாது. அதற்குச் சான்றளிக்கும் அமைப்பின் ஒப்புதல் வேண்டும். இதை முதலாளிக்கு எடுத்துச் சொல்லும் வடிவமைப்பாளரை அவர் லேசில் விடமாட்டார்.

வரி விஷயத்தில் பயம் வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை, சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. தாண்டினால் 18 சதவீதம். பில் தொகையிலிருந்து பார்ட்டி வரிக்காகப் பிடிக்கும் டி.டி.எஸ். நட்டமல்ல, உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டன் தாக்கல் செய்தால் கட்டவேண்டிய வரியில் கழியும், மிஞ்சினால் திரும்ப வரும். நல்ல ஆடிட்டர் ஒருவரை முதல் ஆண்டிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்று பார்ட்டி கேட்கலாம். நியாயமான கேள்வி. கோபியிலோ உடுமலையிலோ உங்களைப்போலத் தனியாக வேலை செய்யும் இன்னொருவருடன் பேசி வையுங்கள். அவர் படுத்தால் நீங்கள், நீங்கள் படுத்தால் அவர். ஒவ்வொரு தளத்துக்கும் ஹோஸ்டிங் எங்கே, புதுப்பிக்கும் தேதி எது, பேக்கப் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை எழுதி, ஒரு பிரதியைப் பார்ட்டியிடம் கொடுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே அந்த நண்பரின் பெயரையும் எண்ணையும், அவருடைய சம்மதத்தோடு, சேர்த்துவிடுங்கள். அவசர வேலைக்கு அவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு தருவது என்பதையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.