பலகையில் சபைப் பிரிவு இல்லையென்றால், சேரும் முன் கேளுங்கள்

சேலத்தில் ஐந்து ரோடு, சூரமங்கலம் பக்கமோ, அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு அடிவாரம் போகும் வழியிலோ சபைப் பலகைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெந்தெகொஸ்தே, லுத்தரன், பாப்டிஸ்ட் என்று எழுதும் வழக்கம் குறைந்துவருகிறது. கிருபை, ஜீவன், நம்பிக்கை என்பது மாதிரி ஒரே ஒரு சொல், பெரும்பாலும் ஆங்கிலத்தில், பக்கத்தில் ஒரு லோகோ. பழைய சபையே புதுப் பெயரில் நடப்பதும் உண்டு, புதிதாகத் தொடங்கியதும் உண்டு.

நான் சிவில் வழக்கறிஞர். ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவளும்கூட. பெயரை மாற்றுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. சபைப் பிரிவின் பெயரைக் கேட்டதும் தயங்கி நிற்பவர்கள் இருக்கிறார்கள். பழைய சபையின் எலெக்‌ஷன் சண்டையில் மனம் வெறுத்து வீட்டோடு இருந்துவிட்டவர்களையும் நான் அறிவேன். அவர்களுக்கு ஒரு புதுப் பெயர் கதவைத் திறக்கிறது என்றால் சந்தோஷம்தான். ஆனால் உள்ளே வந்தவருக்கு அது எந்தச் சபை, யார் நிர்வாகம், இடம் யார் பெயரில் என்பதைச் சொல்லியாக வேண்டும். அது சொல்லப்படாமல் போகும்போதுதான் கட்சிக்காரர்கள் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள்.

பிரிவின் பெயரைப் பலகையில் போடாத இந்த வழக்கம் அமெரிக்காவில் பழையது. 1955-ல் ராபர்ட் ஷுல்லர் என்ற போதகர் கலிபோர்னியாவில் ஒரு திறந்தவெளி சினிமா வளாகத்தில் சபை தொடங்கியபோது, தன் ‘ரிஃபார்ம்ட்’ பிரிவின் பெயரைப் பலகையில் போடவில்லை. 1980-ல் ரிக் வாரன் தொடங்கிய சாடில்பேக் சபையின் பெயரிலும் பாப்டிஸ்ட் என்ற சொல் கிடையாது. ஆனால் அது சதர்ன் பாப்டிஸ்ட் கூட்டமைப்பில் சேர்ந்திருந்தது. பெண்களைப் போதகர்களாக வைத்திருந்த காரணத்துக்காக 2023-ல் அந்தக் கூட்டமைப்பு அதை வெளியேற்றியது. பெயரில் இல்லாவிட்டாலும் தாய்ச்சபையின் சட்டதிட்டம் பின்னால் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

நம் ஊரிலும் பழைய பெயர்களை விட்டவர்கள் இருக்கிறார்கள். 1827-லேயே சேலத்துக்கு வந்த லண்டன் மிஷன் வழி வந்த சபைகள்தான் பின்னாளில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆனவை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் என்ற அடையாளங்களை ஓரம் வைத்துவிட்டு 1947 செப்டம்பர் 27-ல் ஒரே திருச்சபையானார்கள். ஆனால் அதற்கான பேச்சு 1919-ல் தரங்கம்பாடியிலேயே தொடங்கிவிட்டது. ஞானஸ்நானம் எப்படி, ஆயரை யார் நியமிப்பது, சொத்து யார் பெயரில் என்று வருஷக்கணக்கில் வெளிப்படையாகப் பேசி, எழுதி வைத்துத்தான் பெயரை மாற்றினார்கள்.

இப்போது என்னிடம் வரும் பிரச்சினைகளுக்கு வருகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு இளம் தம்பதி. கணவருக்கு வெளிநாட்டில் வேலை, மனைவிக்கு விசா எடுக்க வேண்டும். கையில் இருந்த திருமணச் சான்றிதழ் வழவழப்பான தாளில், லோகோவோடு பார்க்க அழகாக இருந்தது. கீழே பாஸ்டரின் கையெழுத்து, வட்ட முத்திரை. லைசென்ஸ் எண் இல்லை. விசாரித்தால், பாஸ்டர் முன்பு இருந்த அமைப்பின் மூத்த போதகரிடம்தான் லைசென்ஸ் இருந்திருக்கிறது. பிரிந்து வந்து புதுப் பெயர் வைத்த பிறகு இவர் தனக்கென்று வாங்கவேயில்லை. “சபையில எல்லார் முன்னாடியும்தானே மேடம் கல்யாணம் நடந்துச்சு” என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872 இதில் கண்டிப்பானது. கத்தோலிக்கக் குருக்கள், சி.எஸ்.ஐ. ஆயர்கள் போல பிஷப்பால் குருப்பட்டம் பெற்றவர்கள் தங்கள் திருச்சபை முறைப்படி திருமணம் நடத்தலாம். தனிச் சபைப் பாஸ்டர் என்றால் அரசு கொடுத்த லைசென்ஸ் அவசியம். அதிகாரம் இல்லாதவர் நடத்திய திருமணம் அந்தச் சட்டத்தின்படி செல்லாது. நடத்தியவருக்கு 10 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. ஆகவே மண்டபம் புக் பண்ணும் முன் லைசென்ஸ் நகலைக் கேளுங்கள். அதில் இருப்பது திருமணம் நடத்தப் போகிறவரின் பெயர்தானா என்று பாருங்கள். நல்ல பாஸ்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்தது இடம். ஆலயம் கட்டக் காணிக்கை கொடுப்பவர்களில் எத்தனை பேர் பத்திரத்தைப் பார்த்திருக்கிறார்கள்? சங்கமாகப் பதிவாகியிருந்தால் பொதுக்குழு, ஆண்டுக் கணக்கு எல்லாம் உண்டு. அறக்கட்டளை என்றால் பத்திரத்தில் எழுதப்பட்ட அறங்காவலர்கள் கையில்தான் நிர்வாகம். பல பத்திரங்களில் பாஸ்டர், மனைவி, மகன் என்று மூன்றே பெயர்கள். விசுவாசிகளுக்கு ஓட்டு கிடையாது. இன்னும் மோசம், பாஸ்டரின் சொந்தப் பெயரிலேயே கிரையம் ஆவது. அவர் காலமானதும் அது வாரிசுச் சொத்தாகி, பிள்ளைகள் பாகம் கேட்கும்போது ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். பொது அறக்கட்டளையில் முறைகேடு நடந்தால், அதில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியோடு வழக்குப் போட வழி இருக்கிறது. தனிநபர் பெயரில் உள்ள சொத்தில் சபைக்குத்தான் உரிமை என்று நிரூபிப்பது அதைவிட எவ்வளவோ கடினம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலே யார் பெயரில் வாங்கியது என்று தெரிந்துவிடும். ஆன்லைனிலும் பார்க்கலாம்.

கல்லறையைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. பழைய சபையில் சந்தாவை நிறுத்திவிட்டுப் புதுச் சபைக்குப் போன ஒரு ஏற்காடு குடும்பம், அப்பா இறந்த இரவில் எந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வது என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தது. வாடகை ஹாலில் நடக்கும் சபைக்குக் கல்லறைத் தோட்டம் எங்கே இருக்கும்? சேரும்போதே கேட்டுவிடுங்கள். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம் ஞானஸ்நானம். குழந்தையாக இருந்தபோதே பெற்றவருக்குச் சில சபைகளில் மறுபடியும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அது அவர்கள் உபதேசம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எந்த உபதேசம் என்று முதல் வாரமே தெரிந்திருந்தால், கத்தோலிக்க வீட்டுப் பெண் அம்மாவிடம் பேசிவிட்டு முடிவெடுத்திருப்பாள். விஷயம் பின்னால் தெரிந்து, தாயும் மகளும் பேச்சை நிறுத்திக்கொண்ட வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பாஸ்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். பலகையில் இடமில்லை என்றால் பரவாயில்லை. வாசலில், கைப்பிரதியில், வெப்சைட்டில் ஒரு பத்தி போதும். எந்த உபதேசம், எந்தத் தாய்ச்சபை, எந்தப் பதிவு எண், யார் கணக்கு எழுதுகிறார்கள்.

லைசென்ஸ் இல்லாதவர் நடத்திய திருமணத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் பயப்பட வேண்டாம், யாரிடமும் கூனிக் குறுகவும் வேண்டாம். சடங்கு நடந்து, அன்றுமுதல் கணவன் மனைவியாக வாழ்ந்து வந்தால், சிறப்புத் திருமணச் சட்டம், 1954-ன் கீழ் அதைப் பதிவு செய்யலாம். இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். திருமண அலுவலரிடம் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால், ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் விட்டு, பிறகு பதிவு செய்வார்கள். சடங்குக்குப் பின் பிறந்த பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயரையும் அதே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். சட்டப்படி அவர்கள் முறையான பிள்ளைகளே என்பதற்கு அந்தப் பதிவு சான்றாக நிற்கும்.