தூக்கம் என்ற சொல் வராத ஐந்து பக்கங்கள்

ஆங்கில இலக்கியத்தில் இறுதியாண்டு விடைத்தாள்களைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூடத் தேர்வு நெருங்கியதும் மூலநூலை மூடிவைத்துவிட்டு நோட்ஸைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விடைத்தாள் இன்னும் கண்முன் நிற்கிறது. ‘மேக்பெத்’ நாடகத்தில் தூக்கம் எப்படிக் கையாளப்படுகிறது என்பது கேள்வி. அந்த மாணவி, ஷேக்ஸ்பியர் 1564இல் பிறந்ததில் தொடங்கி, சூனியக்காரிகள், பேராசை, வீழ்ச்சி என்று ஐந்து பக்கம் எழுதியிருந்தார். முத்து முத்தான கையெழுத்து. தவறென்று சுழிக்க ஒரு வரிகூட இல்லை. ஆனால் தூக்கம் என்ற சொல் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. பேராசை பற்றி மனப்பாடம் செய்திருந்த விடையைத்தான் அவர் இறக்கிவைத்திருந்தார். பாதி மதிப்பெண்கூடப் போட முடியவில்லை.

அவர் தேடியிருக்க வேண்டியதெல்லாம் நாடகத்துக்குள்ளேயே கிடக்கிறது. இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், உறங்கிக்கொண்டிருந்த மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு வருகிறான் மேக்பெத். மேக்பெத் உறக்கத்தையே கொலை செய்கிறான் என்று ஒரு குரல் கேட்டதாகப் பதறுகிறான். அவன் மனைவியோ கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் கழுவிப் போய்விடும் என்கிறாள். ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில் அவளே தூக்கத்தில் எழுந்து நடக்கிறாள். இல்லாத இரத்தக் கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். அதுவரை செய்யுளில் பேசி வந்தவள், அங்கே உரைநடையில் துண்டு துண்டாகப் பேசுகிறாள். வாய்விட்டுப் படித்தால், அறுந்த சந்தமே அவள் மனநிலையைச் சொல்லிவிடும். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே மிகச் சிறியது இதுதான். முழுதும் படிக்க ஒரு விடுமுறை நாள் போதும்.

நோட்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலப் பின்னணிக்கும் விமர்சகர்களின் கருத்துகளுக்கும் அது தேவை. நூலைப் படித்த பிறகு எடுங்கள்.

அடுத்தது எழுத்துப் பயிற்சி. பெரும்பாலோர் ஒரே விடையைப் பலமுறை வாசித்துவிட்டு, வந்துவிட்டது என்று நம்புகிறார்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழிந்ததும், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். தேர்வு என்பது 5 நிமிடத்தில் வருவதில்லையே!

ஆகவே வாரத்துக்கு இரண்டு கேள்விகளையாவது, நூலை மூடிவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும் நூலைத் திறந்து சரிபாருங்கள். மேற்கோள் காட்டிய இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். வரியை எழுதிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுவது விடைத்தாள்களில் நான் அதிகம் காணும் குறை. அந்த வரியில் எந்தச் சொல் உங்கள் வாதத்தைத் தாங்குகிறது என்று இரண்டு வாக்கியமாவது எழுதுங்கள். நீண்ட மேற்கோளைத் தப்பும் தவறுமாக எழுதுவதைவிட நான்கு சொற்களைப் பிழையில்லாமல் எழுதுவது எவ்வளவோ மேல்.

நான் சொன்ன மாணவி மறுதேர்வுக்கு முன் என்னிடம் வந்தார். கேள்வியின் மையச் சொல்லைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அதை ஒருமுறை பார்க்கச் சொன்னேன். அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த விடை இரண்டரைப் பக்கம்தான். அதன் முதல் வாக்கியத்திலேயே கேள்வியின் மையச் சொல் இருந்தது.